வரவு இடாப்பு

லக்சரில் ஓடம் ஏறும்போது
புது மாணவர்கள் கேட்பார்கள்,
மேற்கில் மட்டும் ஏன் இத்தனை கல்லறை?
சூரியன் படுகிற கரை செத்தவர்களுக்கு,
எழுகிற கரை இருப்பவர்களுக்கு என்பேன்.
இதை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் படிப்பிக்கவில்லை.
குருமண்வெளித் துறையில்
பாதை கரையை விட்டு விலகும்போதே தெரியும்:
இங்கால எழுவான்கரை,
அங்கால படுவான்கரை.

பொன் முகமூடி ஒன்றையும் நான் தொட்டதில்லை.
இருபத்தாறு வருசமாய்ச் சுண்ணாம்புக்கல் சில்லுகள்,
அரசனுக்குக் குகை குடைந்தவர்களின் கணக்கு வழக்கு.
அதில் ஒரு சில்லு, நாற்பது பெயர்.
கறுப்பில் நாள்.
நாளுக்கு மேலே, பொடியாய், சிவப்பில்
அன்று அவன் வராத காரணம்:

தேள் கொட்டினது.
கண் நோ.
பியர் காய்ச்சினான்.
தமையனுக்குத் துணி சுற்றினான்.
மகளுக்குத் தூரம்.

மூவாயிரத்து இருநூறு வருசத்துக்கு முன்
ஒருவன் மகளின் தூரத்துக்கு லீவு எடுத்ததை
இரண்டு மொழியில் அடிக்குறிப்பிட்டுப்
பேராசிரியை ஆனவள் நான்.

மாசியில் ஊருக்கு வந்தேன்.
பள்ளிக்கூட மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள்.
அதிபர் நல்லரெத்தினம், என் வகுப்புத்தான்,
அலுமாரியைத் திறந்தான்.
"கறையான் தின்ட மிச்சம் இரிக்கு, பாருங்க டொக்டர்."

ஆண்டு பதினொன்று. தொண்ணூற்றொன்று.
முப்பத்தெட்டுப் பேர்.
வந்தவருக்கு நீலக் கோடு,
வராதவருக்குச் சிவப்புச் சுழி.
ஒன்பதாம் இலக்கம் நான்; எட்டுச் சுழி, அம்மை வருத்தம்.
பூரணம் ரீச்சர் காரணம் எழுதுவதில்லை.
சில பெயர்களில் மட்டும்
சுழிகள் வரிசையாய்ப் போய்
ஒரு நாள் பெயரே வெட்டுப்பட்டிருந்தது,
அடிமட்டம் வைத்து, நேராக.

கை தானாகக் கையுறை தேடிற்று.
அளந்தேன். படம் எடுத்தேன்.
பிறகுதான் உறைத்தது:
அந்த நாற்பது பேரைப் பற்றிக் கேட்க
அங்கே ஒரு குஞ்சும் இல்லை.
இங்கே ஒருவன் பிளேன்ரீயோடு நிற்கிறான்.

"பதினேழு?"
"சுவிசில. போன கிழமையும் போன் எடுத்தவன்.
விசர்க்கதை கதைச்சான்."
"இருபத்திமூண்டு?"
"பாதையால அங்கால போனவன்."
"போய்?"
"போனவன்."
"முப்பத்தொண்டு?"
"சந்தியில பஸ்ஸால இறக்கினவங்க. நானும் அந்த பஸ்தான்."
பிளேன்ரீயை மேசையில் வைத்தான்.
"இருபத்தாறு?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
"தெரியா கா.
அவன்ட தாய்க்கும் தெரியாமத்தான் போச்சு."

கல் உடைந்து எழுத்துப் போன இடத்தில்
எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு.
பென்சில் எடுத்தேன், மை கூடாது,
இருபத்தாறின் கடைசிச் சுழிக்கு மேலே
ஒரு பகர அடைப்பு, உள்ளே மூன்று புள்ளி.

"இதென்ன?" குனிந்து பார்த்தான்.

"இதில எழுத்து இருந்தது.
இன்னும் கிடைக்கல்ல, எண்டு."