கோடு

பெயின்ட் கடையில் எனக்கு வேலை.
ஹான்காக்கில், பாலம் இறங்கியதும் இடப்பக்கம்.
வெள்ளை வாளியைத் திறந்து
எந்திரத்தின் மூக்குக்குக் கீழே வைப்பேன்.
கறுப்பு இரண்டு சொட்டு, காவி ஒன்று.
மூடியை ரப்பர் சுத்தியால் தட்டிக்
குலுக்கும் பெட்டிக்குள் பூட்டினால்
மூன்று நிமிடம் தரை அதிரும்.
ஒரு கோடு மிஞ்சினாலும்
வாளி திரும்பி வரும்,
கூடவே ஆளும் வருவார்.
பதினோரு வருடமாகக்
கோடுகளை ஒழித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அதனால்தானோ என்னவோ
முதல் தட்டு பாழாயிற்று.

வெண்ணெயும் சாக்லெட்டும் உருகி,
முட்டை இரண்டு, சர்க்கரை, கொஞ்சமே கொஞ்சம் மைதா
எல்லாம் சரியாகத்தான் வந்தது.
மேலே திம்பிள்பெரி ஜாம்.
ஆகஸ்டில், சாலையோரப் புதரில்
கரடி விட்டுவைத்ததை வென்டெல் பறித்து வந்தது.
விரல் பட்டாலே குழைகிற பழம்;
ஒரு பாட்டிலுக்கு ஒரு முழுப் பகல் போகும்.
'கத்தி முனையால் மூன்றே இழுப்பு,
அதற்குமேல் தொடாதே'
என்று போனில் சொன்னாள் அவன் அக்கா ஐலி.
மூன்று இழுத்தேன்.
ஒரு மூலை மட்டும் வெறிச்சென்று இருந்தது,
நாலு.
பிறகு கை தன் வேலைக்குப் போய்விட்டது.

அடுப்பிலிருந்து வந்தது
ஒரே நிறத்தில் ஒரு செங்கல்.
அந்த நிறத்தின் எண்கூட எனக்குத் தெரியும்:
நானூற்றுப் பதினேழு, 'மழை நனைத்த கொட்டகை'.
போன வாரம்தான்
தேவாலயக் கழிவறைக்கு இரண்டு வாளி விற்றேன்.

தின்னலாம். ருசிதான்.
பழம் எங்கே என்று கேட்டால்
எல்லா இடத்திலும் என்றுதான் சொல்ல வேண்டும்.
அது ஒரு பதிலா?

அலமாரியில் இன்னும் ஒரே ஒரு பாட்டில்.
ஏரியிலிருந்து வந்த பனி
ஜன்னலில் பாதிவரை ஏறியிருந்தது.
பனி தள்ளும் லாரியோடு
விடிகாலையில் போன வென்டெல்
இன்னும் வரவில்லை.

மறுபடி மாவு. மறுபடி வெண்ணெய்.
கரண்டி கரண்டியாய் ஜாம், ஒன்பது சின்னக் குளம்.
கத்தியை ஊன்றி ஒரு இழுப்பு:
சிவப்பு வால் முளைத்தது.
எதிர்ப்பக்கம் ஒன்று:
வால் வளைந்து கொக்கியானது.
மூன்றாவது பாதி வழியில் இருக்கும்போது
மின்சாரம் போனது.

கத்தி எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.
கை இன்னும் கொஞ்சம் என்று கேட்டது.
தெரியாத கோட்டை
எப்படி அழிப்பது?
பழைய கேஸ் அடுப்பு; உள்ளே குட்டி நீலச் சுடர்.
அதைப் பார்த்து நடந்து
தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அக்குளில் வைத்துக்கொண்டேன்.

மணி பார்க்க வழியில்லை, மூக்குதான் பார்த்தது.
பல்குச்சியைக் குத்தி நாக்கில் வைத்துப் பதம் பார்த்தேன்.
வாசலில் பூட்ஸ் தட்டும் சத்தம்,
நெற்றியில் டார்ச்சோடு வென்டெல்.
பேட்டரி தீரப்போகிறது என்று
வந்ததும் அதையும் அணைத்தான்.
ஆக்கப் பொறுத்தோம்,
ஆறப் பொறுக்கவில்லை.
கையாலேயே பிய்த்தோம்.

"புளிக்குது" என்றான்.
என் வாயில் சாக்லெட் மட்டும், கசப்பாக.
"எனக்கு இல்லையே."
"இந்தா, இங்கே கடி."
கடித்தேன். தாடை கூசியது.
அப்புறம் அவனுக்குக் கசந்தது, எனக்குப் புளித்தது,
அப்புறம் யார் கையில் எது என்றே தெரியவில்லை.
இருட்டில் எட்டுத் துண்டு.
விளக்கு வந்தபோது மிஞ்சியது
ஒரு மூலை, அதில் பாதிக் கொக்கி.

திங்கட்கிழமை குய்சிஸ்டோ வாளியோடு வந்தார்.
சுவரில் கோடு விழுகிறதாம்.
"எப்படிப்பட்ட கோடு?" என்றேன்.
என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
சரியென்று பெட்டிக்குள் பூட்டினேன்.
தரை அதிர்ந்தது.
காத்திருக்கிறாரே என்று
டப்பாவைத் திறந்து முதல் தட்டிலிருந்து
ஒரு செங்கல் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
ஓரத்தைக் கடித்தார்.
"இதை நன்றாகக் கலந்திருக்கிறாய்" என்றார்.