நாற்பது மில்லிமீட்டர்

பெட்டி பெட்டியாய் வந்து
ஆடி முழுக்க நான் பூட்டிய கார்.
மட்கார்டைத் தாண்டி முன் டயர்
நாற்பது மில்லிமீட்டர் வெளியே நிற்கிறதாம்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டு
டீ குடிக்கப் போய்விட்டார் ஆய்வாளர்.

புதுப்பேட்டையில் ஜபருல்லா
சஸ்பென்ஷன் கைகளைக் கழற்றித்
தரையில் போட்டான்:
நாலு இரும்புக் கவட்டைகள்.
அறுத்தோம், ஒட்டினோம்.
மனசு ஒப்பாமல் மறுபடி அறுத்தோம்.
எழும்பூர்ப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம்
ரசமட்டத்துக்குள் குமிழி நடுங்கியது.
அது அடங்கும்வரை
அணைத்த பீடியைக் காதில் செருகிக் காத்திருந்தான்.

மூன்றாம் முறை பாஸ்.
முத்திரை விழுந்த தாள் சட்டைப்பையில் வியர்க்க
கூவம் பாலம் ஏறுகையில்
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தேன்.

இடப்பக்கம் இழுக்கிறது.
மிகக் கொஞ்சம்.
அதற்கு எந்த விதியிலும் எண் கிடையாது.

ஜபருல்லாவிடம் சொல்லவில்லை.
என் இடது காலும் அரை அங்குலம் குட்டை.
செருப்பு தைக்கும் மாசிலாமணிக்கு மட்டும்தான் தெரியும்
அடியில் எத்தனை அடுக்கு ரப்பர் என்று.