ஈரப்பதம்

நாற்பத்தோராவது பெயர் என் தம்பியுடையது.
கபடி லீக், மூன்றாம் சுற்று, மாலை நாலு பத்து.
அரவை மில்லில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
தவிட்டுக் குவியலுக்குப் பின்னால் போய்
போனைக் காதில் அழுத்தி
இரண்டு தரம் கேட்டேன்:
வீரசேகர்தானா, புதுவயல் வீரசேகரா?

மறுநாளே காரைக்குடி.
செக்காலை ரோட்டில் ஒரு லாட்ஜ், மாடி அறை,
ஏசி ஒழுகி வாளியில் சொட்டியது.
அணி மேலாளர் ரெஜினால்ட்
எனக்கு நாற்காலி தந்தார், அவனைக் கட்டிலில் உட்காரவைத்தார்.
"அப்பா வரலையா?"
"நான்தான் வந்திருக்கேன்."

ஏழு லட்சம் என்றார்.
நாற்பத்தொன்றாம் இடத்துக்கு அதுதான் அளவாம்,
முதல் இடத்துப் பையனுக்கே கைப்பணத்தில் பாதி போய்விட்டதாம்,
நாளை மாலை ஐந்துக்குள் கையெழுத்து,
இல்லாவிட்டால் அடுத்த வருசம்தான்.

ஆறு வருசமாக நான் நெல் வாங்குகிறேன்.
குத்தூசியை மூட்டையின் வயிற்றில் செருகி
உருவிய நெல்லை உள்ளங்கையில் பரப்பி
ஒன்றைக் கடித்து
"பதினெட்டு இருக்கும், ஈரம்" என்பேன்.
எவ்வளவு நல்ல நெல்லானாலும்
முதலில் சொல்வது ஈரம்தான்.
வண்டியோடு வந்தவர் முகம்
எந்த இடத்தில் சுருங்கும் என்று தெரியும்.
அந்த முகம் இன்றைக்கு எனக்கு வரக்கூடாது.

"வலப்பக்கம் மட்டும்தான் பாடிப் போறான்.
போனஸ் கோட்டைத் தாண்டப் பயப்படறான்.
எடை எழுபதுகூட இல்லை."
ரெஜினால்ட் செருகிக்கொண்டே இருந்தார்.

பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்து
மேசைமேல் வைத்தேன்.
ரயில்வே முத்திரை. பொன்மலை.
பிரிக்கவில்லை.
உள்ளே இருப்பது தேர்வுக்கு வரச்சொல்லும் ஒற்றைத் தாள்,
வேலை இல்லை, வேலையின் நிழல்கூட இல்லை.
"அறுபது வயசு வரைக்கும் சம்பளம் சார்.
நீங்க எத்தனை சீசன் வச்சிருப்பீங்க?"

ஏழு எட்டானது.
டீ வந்து ஆடை படிந்தது.
வராந்தாவில் போய்ப் போன் பேசிவிட்டு வந்து
பத்து என்றார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

தை மாதம், பள்ளத்தூர், விளக்கு வெளிச்ச ஆட்டத்தில்
அவன் இடது முழங்கால் டொக்கென்றது
எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.
மூன்று வாரம் சுவரைப் பிடித்தே நடந்தான்.
ஸ்கேன் எடுக்கவில்லை; எடுத்தால் தாள் வரும்,
தாள் வந்தால் யார் கைக்காவது போகும்.

"முழங்கால் போனா வைத்தியம் யார் செலவு?
ரெண்டு வருசத்துக்கு எழுதித் தாங்க."

அவர் பேனா நின்றது.
கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவன்
வாளியைப் பார்த்தான்.
"முழங்காலை ஏன் கேக்கறீங்க?"
"அதுலதானே சார் நிக்கிறான்."

சொட்டுவது கேட்டது.
இருபத்தேழு வரை எண்ணினேன்.
"எழுதறேன்," என்றார். "ஆனா ஒன்பது."

மில்லில் நானும் அப்படித்தான்,
ஈரம் தெரிந்தே வாங்கும் நாளில்:
வண்டியைத் திருப்பமாட்டேன், விலையில் கழித்துக்கொள்வேன்.
அவர் தெரிந்து வாங்கினாரா,
சும்மா ஒரு லட்சம் மிச்சம் பிடித்தாரா,
இன்றுவரை கேட்கவில்லை.

கையெழுத்தில் வீரசேகர் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டான்.
தாளைத் திரும்ப வாங்கி
அழுத்தி வைத்தான், மறுபக்கம் தெரியுமளவு.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில் கேட்டான்:
"அக்கா, நான் எத்தனை மூட்டை?"
மூட்டை ஆயிரத்து நானூற்று எண்பது, அன்றைய விலை.
விரல் கணுவில் போட்டுப் பார்த்தேன்.
"அறுநூத்தி எட்டு. நூத்தி அறுபது ரூவா மிச்சம்."
"வரிப் பிடித்தம் போகவா?"
"அதை வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

பணம் வர இன்னும் பத்து நாள்.
எதிர்ச்சாரி மருந்துக்கடையில்
என் காசில் ஒரு முழங்கால் உறை வாங்கினேன்,
சரியாக நூற்று அறுபதுக்கு.
"எந்தக் காலுக்கு?" என்றார் கடைக்காரர்.
தம்பி என்னைப் பார்த்தான்.
"ரெண்டுக்கும் சேரும்ல" என்றேன்.