பாரச் சோதனை

கூரையே இல்லாத மேடையில்
ஊஞ்சலை எதில் மாட்டுவாய் என்றாள் ஜெபசீலி.
ஆகஸ்ட்டை மாட்டியிருக்கிற ஆணியில் என்றேன்.
சிரிக்காமல் டூட்டிக்குப் போனாள்.

சொஹாரில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால்
முன்பு குடியிருந்த பிலிப்பினோக்காரர்
அடித்துவிட்டுப் போன மரத்தளம்.
பத்தடிக்குப் பன்னிரண்டு.
மூன்றாவது பலகை மட்டும் மிதித்தால் பேசும்.
மேலே வானம். அதற்கும் முன்னால்
பக்கத்து வீட்டு ஏசியின் வெந்த மூச்சு.

சுவரைத் துளைக்காதே,
வேறென்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று
நாற்பது நொடிக் குரல்செய்தி அனுப்பினார் வீட்டுக்காரர்,
அதில் முப்பது நொடி நலவிசாரிப்பு.

ஆக, நாலு கால். தலைக்கு ஒரு குழாய்.
பழைய இரும்புக் கடையில்
சாரக்குழாய்களைத் தட்டித் தட்டிக் கேட்டேன்.
துரு தின்றது இருமும்.
நல்லது மணி மாதிரி நீளும்.
எதற்கு என்று கேட்டார் பிக்கப் ஓட்டிய நாசர்.
ஊஞ்சலுக்கு எனக்குத் தெரிந்த அரபியில் சொல் இல்லை.
கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன்.
தொட்டிலா, மப்ரூக் என்று கையைக் குலுக்கினார்.
அதைத் திருத்த
வேறு கையசைவு தெரியவில்லை எனக்கு.

பகலில் என் வேலை தூக்குகருவிச் சோதனை.
கிரேன், கொக்கி, சங்கிலி, ஷேக்கிள்.
தேறாததற்குச் சிவப்பு அட்டை கட்டுவேன்.
சைட்டில் என் பெயரே 'முடியாது'.
எழுபது டன்னுக்குக் கையெழுத்துப் போடுகிற கை
அறுபத்திரண்டு கிலோவுக்கு யோசித்தது.

இஷா தொழுகை முடிந்த பிறகுதான் இரும்பைத் தொட முடியும்.
அதற்குள் குழாயில் கடல் வியர்த்திருக்கும்,
ஸ்பானர் வழுக்கும்.
பெயிண்ட் வாளிகளில் கால்களை நிறுத்தி
சிமெண்ட் ஊற்றினேன்.
சங்கிலி வேண்டாம், காய்ந்து தொடையில் சூடு வைக்கும்.
நைலானை இந்த வெயில் மாவாக்கிவிடும்.
பாலியெஸ்டர் கயிறு, பதினாறு மில்லி.
முடிச்சு தின்னும் பலத்தைக் கழித்து
நானும் அவளும் நூற்று நாற்பது என்று
ஐந்தால் பெருக்கினேன்.

உயரம் மட்டும் கணக்கில் வரவில்லை.
நைட் முடிந்து அவள் தூங்கும்போது
போர்வைக்கு வெளியே கிடந்த காலை
குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை
டேப் வைத்து அளந்தேன்.
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
கணுக்காலில் சாக்ஸ் பதிந்த வட்டம்.
தூக்கத்திலேயே 'பெட் ஆறு' என்றாள்.

வியாழன் இரவு
தண்ணீர்க் கேன்களை ஏற்றினேன்.
பலகையில் எட்டு.
ஒன்பதாவதற்கு இடமில்லை,
மடியில் வைப்பதுபோல் மேலே வைத்தேன்.
ஒரு மணி நேரம் அப்படியே.
காற்று வந்து கொஞ்சம் தள்ளிப் பார்த்தது.
தண்ணீர் தனக்குள் ஆடியது.
கயிறு இரண்டு விரல் நீண்டு நின்றது.
அந்த இரண்டு விரலையும்
முடிச்சில் திரும்ப வாங்கினேன்.

பச்சை அட்டை கட்டினேன்.
பாதுகாப்பான பாரம், சோதித்த தேதி,
அடுத்த சோதனை: பிப்ரவரி.

காலை ஏழரைக்கு யூனிஃபார்மோடு வந்தாள்.
அட்டையை வாசித்தாள்.
பிப்ரவரியில் விரலை வைத்து, எடுத்தாள்.
விசா ஜனவரி வரை.

உட்கார்ந்தாள்.
பின்னால் போய்க் கயிற்றில் கை வைத்தேன்.

ஆட்டாதே.

பெட் ஆறு, நாலு பத்துக்கு.
அதற்குமேல் சொல்லவில்லை.
பாதங்கள் இரண்டும் தளத்தில்
முழுசாகப் பதிந்திருந்தன.
எத்தனை வேகத்துக்குத் தாங்கும் என்று பார்த்திருந்தேன்,
சும்மா நிற்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.
கேன் இருந்த இடத்தில் நானும் உட்கார்ந்தேன்.

வெயில் வந்து எழுப்பும்வரை அப்படியே.
சுவரோரம் ஒன்பது கேன்கள்.
இவ்வளவு தண்ணியை எப்போ குடிச்சுத் தீர்க்கிறது
என்றாள், கண்ணைத் திறக்காமல்.
அவள் கால் பெருவிரல்
மூன்றாவது பலகையை
ஒருமுறை அழுத்தியது.