பெட்டிக்கு எவ்வளவு

எட்டு புள்ளி மூன்று மூன்று என்று
வீட்டில் சொல்லிவிட்டேன்.
அம்மா அதைப் பக்கத்து வீட்டில் சொல்ல,
நூற்றுக்கா பத்துக்கா என்று அவர்கள் கேட்க,
பத்துக்கு என்றதும் மரியாதை கூடியது.
தம்பி கால் கிலோ மைசூர்பாகு வாங்கப் போய்
பாதியை வழியிலேயே தின்றுவிட்டு வந்தான்.

ஆறு பாடம்.
ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பத்து.
கூட்டினால் ஐம்பது. ஆறால் வகுத்தேன்.
இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

மறுநாள், பாலக்கோட்டில் ஏறிய பஸ்
சர்க்கரை ஆலையைத் தாண்டும்போது
கோகிலவாணி கேட்டாள்:
"கிரெடிட்டால பெருக்கினியா?"

டிக்கெட்டின் பின்பக்கம் போதவில்லை.
அவளுடைய ரெக்கார்டு நோட்டில்
கடைசித் தாளைக் கிழித்தோம்.
கணிதம் நாலு கிரெடிட், வாங்கியது ஆறு: இருபத்து நாலு.
சர்க்யூட்டும் நாலு, ஏழு: இருபத்தெட்டு.
டேட்டா ஸ்ட்ரக்சர் மூன்று, எட்டு: மறுபடி இருபத்து நாலு.
சுற்றுச்சூழல் இரண்டே இரண்டு, ஒன்பது: பதினெட்டு.
லேப் ஒன்று, பத்து.
இன்னொரு லேப், அதுவும் பத்து.
பஸ் குலுங்கியதில் ஒரு ஏழு ஒன்றாகிவிட்டது,
திருத்தினோம்.
மேலே நூற்றுப் பதினாலு. கீழே பதினைந்து.

ஏழு புள்ளி ஆறு.
ஓசூர் கம்பெனி கேட்பது எட்டு.

லேப்பில் யாருக்கும் எரியாத விளக்கு
என் போர்டில் எரிந்தது.
மேடம் நம்பாமல் மூன்று முறை
அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள்.
அந்த மத்தியானத்தின் எடை ஒன்று.
கணிதப் பரீட்சையில், பதிமூன்றாம் கேள்வியில்,
ஒரு மைனஸை விட்டுவிட்டு
இரண்டு பக்கம் நிம்மதியாகப் போனேன்.
அந்த மைனஸின் எடை நாலு.

நான் ப்ளஸ் டூ படித்த வருஷம்
அப்பாவின் தக்காளி
ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும்
பெட்டி தொள்ளாயிரத்துக்குப் போனது. ஐந்து பெட்டி.
மீதி நாற்பது பெட்டியும் முந்நூறு.
மாரண்டஅள்ளி டீக்கடையில்
மாதையன் என்கிற என் அப்பா சொன்னார்:
"தொள்ளாயிரத்துக்கும் போச்சு, முந்நூறுக்கும் போச்சு,
சராசரி அறுநூறுன்னு வெச்சுக்குங்க."
மண்டிச் சீட்டு என் பையில்தான் இருந்தது.
நாற்பத்தைந்தால் வகுத்தால்
முந்நூற்று அறுபத்தாறு, சில்லறை.
நான் வாயைத் திறக்கவில்லை.
நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்,
அவர் டீயைக்கூடக் குடிக்காமல்
சொல்லிக்கொண்டிருந்தார்.

தக்காளிக்குத் தெரிந்த கணக்கு
மார்க்குக்கு எப்படி மறந்தது?
மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"ரவுண்டு பண்ணினா எட்டுதானே" என்றாள் கோகிலவாணி.
ஃபாரத்தில் புள்ளிக்குப் பின்னால்
இரண்டு கட்டம் இருக்கிறது.
ஏழு, புள்ளி, ஆறு, பூஜ்யம்.
பூஜ்யத்தைக் கொஞ்சம் அழுத்தி எழுதினேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி போன் போட்டேன்.
அங்கே பெட்டி அடுக்கும் சத்தம்.
"அப்பா, அது எட்டு முப்பத்து மூணு இல்ல.
ஏழு அறுபது."
"ஏன் கொறஞ்சுது?"
"பெரிய பாடத்துல கம்மி. சின்னதுல ஜாஸ்தி."
யாரையோ, ஓரமா வைய்யி, என்று அதட்டினார்.
பிறகு என்னிடம்:
"அந்தச் சின்னது எத்தன பெட்டி?"
"ரெண்டு."
"ரெண்டும் தொள்ளாயிரமா?"
"ஆமாம்பா."

லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.
"சரி," என்றார்,
"சீட்டு உன்கிட்டயே இருக்கட்டும்."