சுவருக்கு அப்பால் பதினோரு அங்குலம்

லூனன்பர்க் துறைமுகத்தில்
முன்பு கருவாடு காயப்போட்ட கொட்டகைதான்
எங்கள் பட்டறை.
நீளம் உண்டு, ரயில்பெட்டி மாதிரி.
அகலம் இல்லை.
மேசைக்கும் பின்சுவருக்கும் நடுவில்
ஒரு பூனை திரும்பலாம்,
அதுவும் மெலிந்த பூனை.

ஜன்னல் சட்டம் செய்கிறோம்
நானும் வெர்னா ஸ்விக்கரும்.
இந்த ஊரின் பழைய வீடுகளில்
எந்த மூலையும் மூலையாக இல்லை.
தொண்ணூறு என்கிறது காகிதம்.
எண்பத்தெட்டரை என்கிறது சுவர்.
நாங்கள் சுவர் பேச்சைக் கேட்பவர்கள்.

பழைய ரம்பம் பொய் சொல்லத் தொடங்கியிருந்தது.
நாற்பத்தைந்தில் நிறுத்தினால்
நாற்பத்தைந்தேகாலில் அறுத்தது.
ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு.
எட்டுக் கால் டிகிரிப் பொய்யும் ஒன்றுசேர்ந்து
கடைசி மூலையில்
வாய் பிளந்து நின்றது.

ஐந்து வாரம்
சூப்புக் கிண்ணங்களுக்கு அடியில் விலைப்பட்டியல்கள்.
பத்தங்குல பிளேடு போதும் என்றேன்:
தட்டு சிறிதானால் நடுக்கம் குறையும்,
சாணை பிடிக்கும் கூலியும் குறையும்.
பன்னிரண்டு என்றாள் வெர்னா:
உயரப் பட்டையை நிமிர்த்தி வைத்தே அறுக்கலாம்,
படுக்கவைத்துக் கணக்குப் போட
உனக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.
அன்று உப்பு கேட்டதற்கு
மிளகைத் தள்ளிவிட்டாள்.

பிரிட்ஜ்வாட்டர் கடையில் கார்மன் வீனாட்
லேசரைத் தட்டிக் காட்டினான்.
சிவப்புக் கோடு.
"வெயிலில் மட்டும் தெரியாது."
"எங்களுக்கு எங்கே வெயில்?" என்றாள் வெர்னா.
வாசலில் அப்போதும் மூடுபனி.

பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்தேன்.
தானமாக வந்த மாடு இல்லையே,
பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.
தலையை முழுக்க முன்னால் இழுத்து
பக்கவாட்டில் ஆட்டினேன்.
ஒன்று ஆடியது, தளர்ந்த கதவு மாதிரி.
ஒன்றில் சாய்வுத் திருகைத் தொட
முதுகுப்பக்கம் கை நீட்ட வேண்டும்.
ஒன்று அரை நூல்கூட அசையவில்லை.
நான் இடதுகைக்காரி.
எல்லாப் பிடியிலும் பொத்தான்
யாரோ ஒரு வலதுகைக்காரனின் கட்டைவிரலுக்கு.
அசையாத அந்த ஒன்றில் மட்டும்
பிடி குறுக்காக இருந்தது,
எந்தக் கைக்கும் ஒரே மாதிரி.

அது பன்னிரண்டு அங்குலம்.

வெர்னா எதுவும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு
எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து டேப்பை விரித்தோம்.
தலையைப் பின்னால் தள்ளும்போது
இரண்டு கம்பிகள் முதுகில் நீளும்.
பதினோரு அங்குலம் போதவில்லை.
மடக்குக் கை வைத்த ரகம்
சுவரோடு ஒட்டி நிற்குமாம்.
அந்த விலைக்கு
எங்கள் இருவர் வாயிலும்
புதுப் பல் கட்டிக்கொள்ளலாம்.

இரவு பத்து மணிக்கு வெர்னா
துளைக்கும் மெஷினைத் தேடினாள்.
"என்ன செய்யப் போகிறாய்?"
"சுவருக்கு ஒரு வாய் வைக்கப் போகிறேன்."

இப்போது ஒவ்வொரு வெட்டுக்கும்
எங்கள் கொட்டகை தெருப்பக்கம்
இரண்டு எஃகு நாக்கை நீட்டி
உள்ளே இழுத்துக்கொள்கிறது.
இறால்பொறி அடுக்கும் எல்வுட்
முதல் நாள் தொப்பியைக் கழற்றினார்,
பயத்திலா மரியாதையிலா தெரியவில்லை.

புது ரம்பத்தின் முதல் வேலை
அதன் முதுகுக்கே ஒரு பெட்டி,
மழை படாமல் வெளியே ஆணியடிக்க.
நான்கு மூலையும் தொண்ணூறு.
மூலைமட்டத்துக்கும் மரத்துக்கும் இடையே
வெளிச்சம்கூட நுழையவில்லை.
தூக்கிப்போய்ச் சுவரில் பொருத்தினோம்.
சுவர் எண்பத்தொன்பது.

அந்த ஒரு நூல் சந்தில்
கடல்காற்று விசிலடிக்கிறது.
சரியான கோணத்தில்
ஒரு சீவல் அறுத்து அடைத்துவிடலாம், பத்து நிமிஷ வேலை.
வெர்னாவின் கம்பளிக் காலுறை ஒன்று
நவம்பரிலிருந்து அதில் இருக்கிறது.