கேபிளக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க

சம்மாந்துறை. மாசி. வெட்டுக் காலம்.
ஆலை வாசலில் பதினொரு மெசின் வரிசை,
நெல் மூட்டைக்கு மேல் ஆட்கள் தூக்கம்.
கணக்கு அறையில்
பழைய கம்பியூட்டர் சுபஹுக்கு முன்னமே
மௌத்தாகிவிட்டது.

என்னிடம் இருப்பது
மச்சான் கழித்துவிட்ட மடிக்கணினி. அதில் லினக்ஸ்.
தராசுக் கணக்கோ விண்டோஸுக்கென்றே பிறந்தது,
வேறு வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காது.

"வைன் போட்டா ஓடும் ஹாஜியார்" என்றேன்.
தஸ்பீஹ் மணி நடுவிரலில் நின்றது.
"என்னத்தப் போட்டா?"
பேர் மட்டும்தான், உள்ளே ஒரு சொட்டுமில்லை என்று
நான் சத்தியம் பண்ணி முடிக்க
இன்னும் இரண்டு மெசின் வந்துவிட்டது.
"பேர மாத்தி வெய் புள்ள."
படத்துக்குக் கீழே
சர்பத் என்று எழுதினேன்.
மறுகாதான் வேலை தொடங்கினது.

வைன் வேஷம் போடுவதில்லை.
அம்பாறைக் கச்சேரி வாசலில் ஒருவர் நிற்பார்,
மேசைக்கு அந்தப் பக்கம் கேட்டதை இந்தப் பக்கம் தருவார்,
நான் சொன்னதை அந்தப் பக்கம் வைப்பார்.
கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். ஐம்பது ரூபாய்.
அந்த வேலைதான் இது. கூலி மட்டும் கேட்காது.

சீ டிரைவ் எங்கே என்றது.
ஒரு கோப்புறையைக் காட்டினேன். நம்பியது.
எழுத்து வந்தது, ஆனால் ஆங்கிலப் பல்லோடு,
புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி.
நெல் என்ற சொல் நெல்லாய் இல்லை.
பென்டிரைவைத் தேடி பாமினியை இறக்க
எல்லாம் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றன.
பின்னால் கறுப்புச் சன்னலில் வரி வரியாய்:
இதைச் சரிசெய்யவேணும், இதையும், இதையும்...
எந்த ஊரிலோ எவரோ
தனக்குத்தானே எழுதிவைத்த கடன் சீட்டு.
கடனோடேயே ஓடியது.
ஹாஜியாரின் ஆலையும் அப்படித்தான் ஓடுகிறது.

நிறை மட்டும் பூச்சியம்.

"தராசு பேசுதில்ல. கேபிளக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க."
இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார், எழுதியவர்.
உதவிப் பக்கத்தில் பெயர்:
கோ. விபுலகாந்தன், பாண்டிருப்பு.
இரண்டாயிரத்து நாலு, கார்த்திகை.
அறுபத்தேழில் தொடங்கும் இலக்கம் ஒன்று.
முன்னர் ஒருதரம் எடுத்தேன்,
பாவனையில் இல்லை என்றது ஒரு பெண் குரல்.
கனடாவில் இருக்கலாம்.
கல்முனையிலேயே போன் கடை வைத்திருக்கலாம்.
அந்தக் கார்த்திகைக்கு அடுத்த மாதம் எது என்று
இந்தக் கரையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.
நானும் விசாரிக்கவில்லை.

ஆட்டினேன். பூச்சியம்.
அவருக்குத் தெரிந்த வாசலுக்குப் பெயர் கொம் ஒன்று.
இந்த வீட்டில் அதே வாசலுக்கு வேறு பெயர்.
இரண்டையும் ஒரு முடிச்சுப் போட்டேன்.
அப்போதும் பூச்சியம்.
அனுமதி இல்லை என்கிறது லினக்ஸ்,
யாருக்கு?
இதே தராசுக்குப் பன்னிரண்டு வருடம்
கணக்கெழுதுகிறவளுக்கு.
வாசலைத் தொடக்கூடியவர்களின் குழுவில்
என் பெயரைச் சேர்த்தேன்.
வெளியே போய்த் திரும்பி வா என்றது.
போய் வந்தேன்.

உவைஸும் இன்னும் மூன்று பேரும் தட்டில் ஏறினார்கள்.
இருநூற்றி அறுபது!
உவைஸ் இறங்கினான்.
நூற்றி எண்பது.
கழித்துப் பார்த்துவிட்டு வயிற்றைத் தடவினான்.

மெசின்கள் ஒவ்வொன்றாய் ஏறி இறங்கின.
ஈரத்துக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ வெட்டு,
அவர் எழுதிவிட்டுப் போன அதே வெட்டு.
"அது அநியாயம் ஹாஜியார்" என்றார் மல்வத்தைக்காரர்.
"கம்பியூட்டர் சொல்லுது" என்றார் ஹாஜியார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இஷாவுக்குப் பிறகு கடைசி மெசின்.
ஏறியதும் நிறை மறைந்தது.
"கேபிளக் கொஞ்சம்..."
சரி அண்ணன், என்று
மேசைக்குக் கீழே குனிந்து ஆட்டினேன்.

நாலாயிரத்து எண்ணூற்றி இருபது.